சிறுநீர் அடைத்த பூனையைக் காக்க வைத்தது குறித்துப் புகார்

அனுப்புநர்:
தங்கள் மருத்துவமனையில் பதிவு செய்யப்பட்ட ‘சீனு’ என்ற பூனையின் உரிமையாளர்,
சென்னை.

பெறுநர்:
நிர்வாக இயக்குநர் அவர்கள்,
செல்லப்பிராணி மருத்துவமனைக் குழுமம்,
சென்னை.

பொருள்: அவசர நிலையில் வந்த பூனையை மருத்துவர் பார்க்காமல் காக்க வைத்தது, போட்ட ஊசியின் விவரம் தர மறுத்தது, தவறான வரி வசூல் ஆகியவை தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். சீனு நான்கு வயது ஆண் பூனை. கருத்தடை செய்தது. குட்டியாக இருந்தபோதிலிருந்து எல்லாத் தடுப்பூசியும் தங்கள் கிளையில்தான் போட்டிருக்கிறோம். கருத்தடை அறுவையும் அங்கேதான் நடந்தது. தங்கள் மருத்துவர்கள் மீது எனக்கு நம்பிக்கை இருந்ததால்தான் அந்த இரவும் முதலில் தங்களைக் கூப்பிட்டேன். நடந்ததைக் கிளை மேலாளரிடம் நேரில் சொன்னேன். “நோட் பண்ணிக்கிட்டோம் மேடம்” என்றார். அதற்குப்பின் எந்தத் தகவலும் வராததால் தங்களுக்கு எழுதுகிறேன்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்திலிருந்து சீனு திரும்பத் திரும்ப லிட்டர் பாக்ஸில் (பூனை மலஜலம் கழிக்கும் பெட்டி) போய் உட்கார்ந்தான். முக்கினான், கத்தினான், ஒரு சொட்டும் வரவில்லை. வெளியே வந்து அடிவயிற்றுக்குக் கீழே விடாமல் நக்கினான். இரவு தங்கள் எண்ணுக்கு அழைத்து, “ஆண் பூனை, மத்தியானத்திலிருந்து யூரின் போகவில்லை, முக்குகிறான்” என்று இதே சொற்களில் சொன்னேன். எடுத்த பெண், “மலச்சிக்கலா இருக்கும் மேடம், லாக்டுலோஸ் கொஞ்சம் குடுங்க. டாக்டர் இப்ப இல்ல, காலையில அப்பாயின்ட்மென்ட் போட்டுடறேன்” என்றார். லாக்டுலோஸ் என்பது மலமிளக்கும் மருந்து. தங்கள் வாசல் பலகையில் ‘24 மணி நேர சேவை’ என்று எழுதியிருக்கிறது.

அந்தப் பெண்ணின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்பது பேச்சிலேயே தெரிந்தது. தொலைபேசி எடுக்க உட்கார வைக்கும் ஒருவருக்கு இந்த ஒரு விஷயத்தைக்கூடச் சொல்லித் தராத நிர்வாகத்தின் மேல்தான் என் புகார். ஆண் பூனைக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் மிகக் குறுகலானது. நுண்ணிய படிகங்களோ சளிபோன்ற கசடோ அதில் அடைத்துக்கொண்டால் சிறுநீர் பின்வாங்கித் தேங்கும். சிறுநீரகம் பாதிக்கப்படும். வெளியேற வேண்டிய பொட்டாசியம் ரத்தத்தில் ஏறி இதயத் துடிப்பையே குலைத்துவிடும். கவனிக்காமல் விட்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். பூனை முக்குவதைப் பார்க்கும் எவருக்கும் முதலில் மலச்சிக்கல் என்றுதான் தோன்றும். அப்படித் தோன்றும் என்பதனால்தான், ‘ஆண் பூனை, சிறுநீர் போகவில்லை’ என்று காதில் விழுந்தவுடன் வேறு எதுவும் கேட்காமல் “உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள்” என்றோ, “எங்களிடம் மருத்துவர் இல்லை, இன்னார் இருக்கிறார், அங்கே போங்கள்” என்றோ சொல்லும்படி பயிற்சி தர வேண்டும். இதற்கு மருத்துவப் படிப்புத் தேவையில்லை. மேசையில் ஒரு தாளில் எழுதி ஒட்டினால் போதும்.

காலையில் கதவு திறக்கும்போதே வந்துவிட்டேன். தடுப்பூசிப் புத்தகம், என்ன சாப்பிடுகிறான் என்ற குறிப்பு, அவன் முக்குவதைக் கைபேசியில் எடுத்த வீடியோ எல்லாம் கொண்டு வந்திருந்தேன். வீடியோவை யாரும் பார்க்கவில்லை. ரிசப்ஷனில் நேற்றிலிருந்து சிறுநீர் போகவில்லை என்று மறுபடியும் சொன்னேன். “டாக்டர் சர்ஜரில இருக்காங்க, வரிசைப்படிதான் கூப்பிடுவோம்” என்று பதில். உட்காரச் சொன்ன இடம் நாய்கள் காத்திருக்கும் அதே கூடம். பூனைக் கூடையை வைக்க உயரமான ஓர் இடம் இல்லை, மூட ஒரு துண்டுத் துணி இல்லை. தரையில் வைத்த கூடையை ஒரு பெரிய லாப்ரடார் வந்து வந்து முகர்ந்துகொண்டிருந்தது. அதன் உரிமையாளர் நல்ல மனிதர், இழுத்துப் பிடித்துக்கொண்டார். ஆனால் வலியில் இருக்கும் ஒரு பூனை அந்த நேரத்தில் என்ன பாடுபடும் என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு முன்னால் நகம் வெட்டவும் குளிப்பாட்டவும் வந்த நாய்கள் உள்ளே போயின. சீனு கூடைக்குள்ளேயே வாந்தி எடுத்தான். அதையும் போய்ச் சொன்னேன். டிஷ்யூ தாள் கொடுத்தார்கள்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகு நீல உடையில் ஓர் இளைஞர் உள்ளே கூப்பிட்டார். எடை பார்க்கவில்லை. வயிற்றைத் தொட்டுப் பார்க்கவில்லை. காய்ச்சல் மட்டும் பார்த்துவிட்டு ஓர் ஊசி போட்டார். என்ன ஊசி என்று கேட்டதற்கு “வலிக்கு” என்றார். மருத்துவரா என்று கேட்டேன். “டாக்டர் வருவாங்க” என்றார். பிறகு ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் அடங்கிய ஒரு பேக்கேஜுக்கு முதலில் பணம் கட்டிவிட்டு வரச் சொன்னார்கள். கட்டினேன். அதன்பின்தான் மருத்துவர் வந்தார். கையை வயிற்றில் வைத்த கணத்தில், “பிளாடர் (சிறுநீர்ப்பை) கல்லு மாதிரி இருக்கே, பிளாக் ஆயிடுச்சு. எப்பலேருந்து?” என்று கேட்டார்.

முந்தின இரவிலிருந்து நான் சொல்லிக்கொண்டிருந்ததை ஒரு கை தொட்டவுடன் கண்டுபிடித்தது. அந்தக் கை நான் உள்ளே நுழைந்தவுடன் அவன் மேல் பட்டிருந்தால் அடைப்பைக் கண்டுபிடிக்கப் பேக்கேஜும் வேண்டியிருந்திருக்காது, அந்தக் காத்திருப்பும் இருந்திருக்காது. இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வருவது பெரும்பாலும் இதுதான். கூட்டம் இருக்கும், மருத்துவர் அறுவையில் இருப்பார், எல்லாம் புரிகிறது. காத்திருக்கச் சொல்லும் முன் படித்த ஒருவர் வந்து அந்தப் பிராணியை ஒருமுறை தொட்டுப் பார்த்து, இது காத்திருக்கலாம், இது முடியாது என்று தீர்மானிக்க வேண்டும். வாயில்லா ஜீவன் தன் முறை வரும்வரை வலியைச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

சேர்த்துக்கொள்கிறோம், ₹15,000 முன்பணம் கட்டுங்கள் என்றார்கள். இரவில் மருத்துவர் இருப்பாரா என்று கேட்டேன். உதவியாளர் இருப்பார், தேவைப்பட்டால் மருத்துவருக்குப் போன் செய்வார் என்றார்கள். அதற்குப் பிறகு அங்கே விட எனக்கு மனம் வரவில்லை. ஆட்டோவில் வேறொரு மருத்துவமனைக்குக் கொண்டு போனேன்.

அங்கே இருந்த மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, “என்ன ஊசி போட்டாங்க, எவ்வளவு, எத்தனை மணிக்கு?” என்பது. என்னிடம் பதில் இல்லை. தங்கள் கிளைக்கு அழைத்தேன். மருந்தின் பெயர் ரசீதில் ‘இன்ஜெக்‌ஷன்’ என்று மட்டும் இருந்தது. கேஸ் ஷீட் (சிகிச்சைக் குறிப்புத் தாள்) தங்கள் உள் ஆவணம், வெளியே தர முடியாது என்றார்கள். அந்த மருத்துவர் எனக்கு விளக்கினார்: பூனைகளுக்கு வலிக்குப் போடும் மெலோக்ஸிகாம் போன்ற மருந்துகள், உடலில் நீர் வற்றி, சிறுநீரகம் திணறிக்கொண்டிருக்கும் நேரத்தில் கேடு செய்யலாம். எது உள்ளே போயிருக்கிறது என்று தெரிந்தால்தான் மயக்க மருந்தையும் அடுத்த வலி மருந்தையும் நிம்மதியாகத் தேர்ந்தெடுக்க முடியும். அவர் இருட்டில்தான் வேலை செய்ய வேண்டியிருந்தது. எடை பார்க்காமல் ஊசியின் அளவை எப்படிக் கணக்கிட்டார்கள் என்றும் கேட்டார். அதற்கும் என்னிடம் பதில் இல்லை, தங்களிடம் கேட்கிறேன்.

மற்ற இடத்தைப் புகழ்வதற்காக இதை எழுதவில்லை. ஆனால் ஒரு பூனையைத் தூக்கிக்கொண்டு போகும் எவரும் எதிர்பார்க்க வேண்டியது என்ன என்பதை அங்கேதான் கண்டேன். முதலில் பொட்டாசியம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்தார்கள், ஈசிஜி எடுத்தார்கள். ட்ரிப்ஸ் ஏற்றியபடி, இன்ன ஆபத்து இருக்கிறது, இதில் உயிர் போகவும் வாய்ப்பு உண்டு என்று நேராகச் சொல்லிவிட்டுத்தான் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். செலவு குறைந்தது இவ்வளவு, கூடினால் இவ்வளவு என்று தாளில் எழுதிக் கொடுத்தார்கள். மயக்கம் கொடுத்து, கத்தீட்டர் என்ற மெல்லிய குழாயைச் சிறுநீர்ப் பாதையில் போட்டு, அடைப்பைக் கழுவி எடுத்தார்கள். அடைப்பு விலகியதும் சிறுநீர் அளவுக்கு மீறிப் போகும், அதற்கு ஈடாக நீர் ஏற்றாவிட்டால் அதுவே ஆபத்து என்பதால் இரவு முழுவதும் ஒருவர் அளந்து எழுதிக்கொண்டே இருந்தார். வீட்டுக்கு அனுப்பும்போது என்ன மருந்து, எதற்கு, எந்த வேளை, எந்த அறிகுறி வந்தால் உடனே திரும்ப வர வேண்டும் என்று எழுதித் தந்தார்கள். ஈரமான உணவு, தண்ணீர் அதிகம், லிட்டர் பாக்ஸ் கூடுதலாக ஒன்று என்று வீட்டில் மாற்ற வேண்டியவற்றையும் சொன்னார்கள். சீனு பிழைத்துக்கொண்டான்.

இப்போது நான் தங்களிடம் கேட்பவை. அன்று போட்ட ஊசியின் பெயர், அளவு, நேரம் மூன்றும் எழுத்தில் வேண்டும். ஊசி போட்டவரின் பெயரும் தகுதியும் வேண்டும். 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி, பதிவு பெற்ற கால்நடை மருத்துவர்தான் மருத்துவம் பார்க்கலாம். உதவியாளர்கள் சிறு பணிகளைச் செய்வதாக இருந்தாலும் அது பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையில் நடக்க வேண்டும். மருத்துவர் பூனையைப் பார்ப்பதற்கு முன்பே ஊசி போடப்பட்டிருக்கிறது. யாருடைய உத்தரவின் பேரில் என்பது எனக்குத் தெரிய வேண்டும். சீனுவின் எல்லாப் பதிவுகளின் நகலும், கருத்தடை அறுவைக் குறிப்பு உட்பட, எனக்கு வேண்டும். அவன் உடம்பைப் பற்றி எழுதியதைத் தெரிந்துகொள்ளும் உரிமை அவனுக்குப் பொறுப்பாக இருக்கும் எனக்கு உண்டு என்றே நினைக்கிறேன். நாளை வேறு ஊருக்குப் போனாலும் அங்கே இருக்கும் மருத்துவருக்கு அது தேவைப்படும்.

ரசீதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆலோசனைக் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி போட்டிருக்கிறீர்கள். 2017இல் ஜிஎஸ்டி வந்த நாளிலிருந்தே பிராணிகளின் உடல்நலத்துக்காகக் கால்நடை மருத்துவமனை தரும் சேவைக்கு வரிவிலக்கு உண்டு. குளிப்பாட்டுவது, முடி வெட்டுவது போன்றவற்றின் கணக்கு வேறு. நான் வந்தது மருத்துவத்துக்கு. தொகை சிறியதுதான். ஆனால் தங்கள் எல்லாக் கிளைகளிலும் இதே மென்பொருள்தான் ரசீது போடுகிறது என்றால், எத்தனை பேர் கட்டியிருப்பார்கள் என்று பாருங்கள். என்னிடம் வசூலித்த வரியைத் திருப்பித் தரவும், மற்றவர்களின் ரசீதுகளைச் சரிபார்க்கவும் கேட்டுக்கொள்கிறேன்.

‘24 மணி நேர சேவை’ என்ற பலகையைப் பற்றித் தங்கள் முடிவையும் எதிர்பார்க்கிறேன். இரவில் மருத்துவர் இருக்கும் கிளை எது, இல்லாத கிளை எது என்று வாசலிலும் தொலைபேசியிலும் உள்ளபடி சொல்லிவிடுங்கள். இரவில் மருத்துவர் இருக்க மாட்டார் என்று முன்பே தெரிந்திருந்தால் அந்த ஞாயிறு இரவு முதல் அழைப்பையே வேறிடத்துக்குச் செய்திருப்பேன். சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் தொடங்கிய ஊர் இது. இங்கே படித்துத் தேர்ந்த மருத்துவர்களுக்குக் குறைவில்லை. தங்களைப் போன்ற குழுமம் இரவுக்கு ஒருவரை நியமிப்பது முடியாத காரியம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

தங்கள் மருத்துவரைத் தண்டிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவர் தொட்டவுடன் கண்டுபிடித்தார். அவரிடம் என் பூனை போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆனது என்பதைத்தான் விசாரிக்கச் சொல்கிறேன். அந்த நாளின் சிசிடிவி பதிவும் தொலைபேசிப் பதிவும் தங்களிடம் இருந்தால், இந்தக் கடிதம் கிடைத்தவுடன் அவற்றை அழியாமல் பாதுகாத்து வைக்க வேண்டுகிறேன்.

15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன். கிடைக்காவிட்டால் மருத்துவம் தொடர்பானவற்றைத் தமிழ்நாடு மாநிலக் கால்நடை மருத்துவ மன்றத்துக்கும், சேவைக் குறைபாட்டையும் வரியையும் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் கொண்டு செல்வேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இலும் பதிவு செய்வேன். அதற்கு முன் தங்கள் பதிலைப் படிக்கவே விரும்புகிறேன். தொலைபேசி எடுப்பவர்களுக்கான அந்தத் தாளை எழுதி ஒட்டியிருந்தால் அதன் நகல் ஒன்றையும் பதிலோடு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
சீனுவின் உரிமையாளர்.

இணைப்பு: தங்கள் கிளையின் ரசீது நகல், தடுப்பூசிப் புத்தகப் பக்கங்கள், தங்கள் எண்ணுக்குச் செய்த அழைப்புகளின் விவரம், இரண்டாவது மருத்துவமனையின் சிகிச்சைச் சுருக்கம்.