கடை வாசலில் முடியும் சவாரி

சிவமயம்

காரைக்குடி,
ஞாயிறு இரவு

அன்பு மகளுக்கு,

அப்பச்சி எழுதுவது. நானும் உன் ஆத்தாவும் நலமாக இருக்கிறோம். மாப்பிள்ளையையும் பேத்தியையும் கேட்டதாகச் சொல்.

புதன்கிழமை நீ பேசியதிலிருந்து எனக்கு அதே நினைவாக இருக்கிறது. நம் முன்னோர் வாணிகம் செய்யக் கடல் கடந்து பர்மாவின் ரங்கூனுக்குப் போன கதையை வைத்து எட்டு மாதம் உட்கார்ந்து, கேளிக்கைப் பூங்காவுக்காக ஒரு படகுச் சவாரியை வரைந்தாய். உன் அலுவலகத்தில் அதைப் பார்த்தவர்கள், இது எந்தத் திரைப்படத்தின் கதை என்றும், சவாரி முடிந்து வெளியே வருகிறவர்கள் கடையில் எதை வாங்குவார்கள் என்றும் இரண்டே கேள்விகள் கேட்டு ஓரமாக வைத்துவிட்டார்கள். இரண்டாவது கேள்விதான் உன்னை அதிகம் புண்படுத்தியது என்பது உன் குரலிலேயே தெரிந்தது. 35 ஆண்டுகள் கல்லாவில் உட்கார்ந்தவன் என்ற முறையில் அந்தக் கேள்வியைப் பற்றி எனக்குச் சொல்ல இருக்கிறது. தொலைபேசியில் சொல்லி முடிகிற செய்தி இல்லை என்பதால் எழுதுகிறேன்.

ஜூன் மாதம் பள்ளி திறக்கும் வாரம் நம் கடை எப்படி இருக்கும் என்பது உனக்கு நினைவிருக்கும். ஒரே தகரத்தில், ஒரே அளவில், ஒரே பட்டறையில் செய்த பென்சில் பெட்டிகள் இரண்டு அடுக்காக வரும். ஓர் அடுக்கின் மூடியில் பூப்படம் இருக்கும். மற்றதில் அந்த ஆண்டு பிள்ளைகள் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த கதையின் முகம் இருக்கும். முகம் போட்டது பதினைந்து ரூபாய் கூடுதல், ஆனாலும் வியாழக்கிழமைக்குள் தீர்ந்துவிடும். பூப்படம் போட்டது ஆயுத பூசை வரை அலமாரியில் கிடக்கும். மதுரைக்குக் கொள்முதலுக்குப் போனால் மொத்த வியாபாரியிடம் நான் கேட்கும் முதல் கேள்வியே, என்ன படம் போட்டது வந்திருக்கிறது என்பதுதான். உன் அலுவலகத்தில் கேட்டதும் அதே கேள்விதான். நான் சில ஆயிரம் ரூபாய்ச் சரக்குக்குக் கேட்டேன், அவர்கள் பல கோடி டாலர் செலவாகும் கட்டடத்துக்குக் கேட்கிறார்கள். அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாதே.

படத்தையும் பூங்காவையும் பொம்மையையும் சேர்த்து நடத்தும் இந்தத் தொழிலின் தொடக்கமும் நம் கடைச் சரக்கு போன்ற ஒரு பொருளில்தான் இருக்கிறது. 1929ஆம் ஆண்டு வாக்கில், பள்ளிப் பிள்ளைகள் எழுதும் தாள் கட்டின் அட்டையில் மிக்கி எலியின் படத்தைப் போட்டுக்கொள்ள ஒருவர் 300 டாலர் கொடுத்தார் என்றும், கையில் பணம் இல்லாத வால்ட் டிஸ்னி அதை வாங்கிக்கொண்டார் என்றும் சொல்வார்கள். 1932இல் கே கேமன் என்ற விளம்பரக்காரர் அந்த உரிமங்களை முறையாக விற்கத் தொடங்கினார். மறு ஆண்டே மிக்கி கைக்கடிகாரம் வந்தது. டிஸ்னிலாந்து திறந்தது 1955 ஜூலையில். அதாவது, பூங்காவுக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் முந்தியது பொம்மை. அந்தப் பூங்காவின் நடுவே நிற்கும் கோட்டைக்கு உறங்கும் அழகியின் பெயரை வைத்தார்கள். அந்தப் படம் திரைக்கு வந்ததோ 1959இல். நான்கு ஆண்டுகள் அந்தக் கோட்டை, வராத படத்துக்கு விளம்பரமாக நின்றது. படமும் பூங்காவும் பொம்மையும் ஒன்றையொன்று தாங்கும் ஏற்பாட்டை இன்றைக்குக் கண்டுபிடித்த பேராசை என்று நீ சொன்னதை நான் ஒப்புக்கொள்ளாததற்கு இதுவே காரணம்.

ஒரு பெரிய சவாரியை வரைந்து கட்டி முடிக்க நான்கைந்து ஆண்டுகள் ஆகின்றன என்று நீயே சொல்லியிருக்கிறாய். கட்டியபின் அது இருபது, முப்பது ஆண்டுகள் நிற்க வேண்டும். படம் ஓடிய முதல் மாத வசூலை நம்பி யாராலும் அவ்வளவு பணத்தைப் போட முடியாது. பொம்மை விற்பனை வேறு வகையான சாட்சி. நுழைவுச்சீட்டு வாங்கியவர் ஒரு முறை பார்த்தார் என்பதுதான் தெரியும். ஆண்டுதோறும் அதே கதையின் பொம்மையை வாங்குகிறவர் அதை வீட்டுக்குள் வைத்துக்கொண்டார் என்று தெரியும். பிக்ஸாரின் ‘கார்ஸ்’ படத்தை எடுத்துக்கொள். 2006இல் வந்த அந்தப் படத்தை அந்நிறுவனத்தின் மற்றப் படங்களைப் போல விமர்சகர்கள் கொண்டாடவில்லை. ஆனால் கையடக்கமான அந்தச் சிவப்புக் கார் நம் செக்காலைச் சாலைக் கடைகள் வரை வந்து, ஐந்தாறு ஆண்டுகள் ஓயாமல் விற்றது. 2012இல் கலிபோர்னியாவிலுள்ள டிஸ்னி பூங்காவில் 12 ஏக்கரில் அந்தப் படத்தின் ஊரையே கட்டினார்கள் என்று படித்தபோது எனக்குச் சிறிதும் வியப்பு இல்லை. என் பேரேட்டைப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்.

‘ஸ்டார் வார்ஸ்’ இன்னும் தெளிவான கணக்கு. 1977இல் அந்தப் படம் வந்தபோது கென்னர் என்ற பொம்மை நிறுவனத்தால் கிறிஸ்துமஸுக்குள் பொம்மைகளைச் செய்து முடிக்க இயலவில்லை. பொம்மை பிறகு வரும் என்று உறுதி கூறும் சீட்டை ஓர் அட்டை உறையில் போட்டு விற்றார்கள், வெறும் உறையைப் பெற்றோர் வாங்கினார்கள். பொருள்களின் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்ட ஜார்ஜ் லூகாஸ் அதனால் செல்வந்தரானார். 2012இல் டிஸ்னி அவருடைய நிறுவனத்தை ஏறத்தாழ 405 கோடி டாலருக்கு வாங்கியது. 2019இல் அந்தப் படவரிசைக்கென்று 14 ஏக்கர் நிலப்பகுதியைத் திறந்தது. அங்கே படத்தில் வரும் ஒளிவாளைத் துண்டு துண்டாகத் தேர்ந்தெடுத்து நாமே பூட்டும் அறை இருக்கிறதே, அதன் விலை தொடக்கத்தில் 200 டாலர் அளவில் இருந்தது. அந்த அறை கடையா, சவாரியா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அதே வகையில் என் கண்ணால் பார்த்தது அந்த மந்திரக்கோல் கடை. நாங்கள் அங்கே வந்திருந்தபோது பேத்தியை யுனிவர்சல் பூங்காவின் ஹாரி பாட்டர் தெருவுக்கு அழைத்துப் போனோமே, அன்று கூரை வரை பெட்டிகள் அடுக்கிய சிறிய அறைக்குள் இருபது பேருக்கு மேல் நெருக்கியடித்து நின்றோம். கிழவர் வேடமிட்டவர் ஒரு பையனை மட்டும் கூப்பிட்டார். முதல் கோலை அசைத்ததும் ஏதோ தவறாகி அலமாரியில் சத்தம் கேட்டது. அடுத்த கோலை அவன் கையில் கொடுத்ததும் மேலிருந்து வெளிச்சம் விழுந்தது. எங்கள் பேத்தி என் விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சு விடாமல் பார்த்தாள். பக்கத்துக் கதவு திறந்தது, உள்ளே போனால் கடை. அதுவரை நானும் உன்னைப் போலவே, இவ்வளவும் விற்பதற்குத்தானா என்று நினைத்தேன். கோலை வாங்கிக்கொண்டு தெருவுக்கு வந்தபோது நினைப்பு மாறியது. தரையில் பதித்த பித்தளைத் தகட்டில் கோலை எப்படி வீச வேண்டும் என்று கோடு போட்டிருந்தது. மூன்று முறை தவறி, நான்காம் முறை அவள் சரியாக வீசியபோது ஜன்னலுக்குள் இருந்த பொருள் அசைந்தது. கோலில் மின்கலம் கிடையாது, நுனியிலுள்ள சிறு மணி கண்ணுக்குத் தெரியாத ஒளியைத் திருப்பி அனுப்ப, ஜன்னலுக்குள் இருக்கும் கேமரா அதன் பாதையைப் படிக்கிறது என்று நீ விளக்கினாய். நான் விற்ற எந்தப் பொருளும் வாங்கியபின் இன்னொரு கதவைத் திறந்ததில்லை. ஒரு கடைக்காரனாக அந்த வேலைப்பாட்டை நான் மதிக்கிறேன்.

ஆனால் உன் பக்கத்தில் நிற்க வேண்டிய இடமும் உண்டு. டிஸ்னியின் எப்காட் பூங்காவில் 1988இலிருந்து நார்வே நாட்டின் கடலையும் பழங்கதைகளையும் சொன்ன ஒரு படகுச் சவாரி இருந்தது. ‘ஃப்ரோஸன்’ படம் 2013இல் வந்து, அதன் நாயகியின் நீலப் பாவாடை கிடைக்காமல் பெற்றோர் அலைந்த மறு ஆண்டே அந்தச் சவாரியை மூடினார்கள். அதே நீர்ப்பாதையில் 2016இல் படத்தின் கதை ஓடத் தொடங்கியது. ஒரு நாட்டைச் சொன்ன இடத்தில் ஒரு படத்தை வைத்தது எனக்குப் பிடிக்கவில்லை. அந்த நாட்டார் ஒருவர் தன் பிள்ளையை அழைத்து வந்து காட்டியிருப்பார் என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது. விற்பனைக் கணக்கு மட்டுமே முடிவெடுத்தால் இப்படித்தான் ஆகும்.

படம் இல்லாமல் எதுவும் நிற்காது என்று உன்னிடம் சொன்னவர்களுக்கு அவர்கள் தொழிலிலிருந்தே பதில் சொல்லலாம். டிஸ்னிலாந்தின் கடற்கொள்ளையர் சவாரி 1967இல் திறந்தது, வால்ட் டிஸ்னி நேரில் மேற்பார்த்த கடைசிச் சவாரி அது. அதற்கு எந்தப் படமும் பின்னால் இல்லை. 36 ஆண்டுகள் கழித்து, 2003இல்தான் சவாரியிலிருந்து படம் வந்தது. 2006இல் படத்தின் கதாநாயகனைச் சவாரிக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். நம் ஊர் வீடுகளும் அப்படித்தானே? முற்றமும் பர்மாத் தேக்குத் தூண்களும் குடும்பம் வாழ்வதற்கு வைத்தவை. படப்பிடிப்புக்காரர்கள் பிறகு வந்தார்கள்.

டிஸ்னியின் டஃபி என்ற கரடிப் பொம்மையின் வரலாற்றை நீ அவர்களுக்கு அவசியம் நினைவூட்ட வேண்டும். 2002இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வைத்தபோது அது பெரிதாகப் போகவில்லை. டோக்கியோவிலுள்ள டிஸ்னி கடல் பூங்காவில் 2005இல் அதே கரடிக்கு ஒரு பெயரும், கடற்பயணம் போகும் மிக்கிக்குத் துணையாக மின்னி தைத்துக் கொடுத்தது என்று ஒரு கதையும் வைத்தார்கள். அதன்பின் அதை வாங்க மக்கள் வரிசையில் நின்றார்கள். படம் ஒன்றுகூட இல்லை. ஊருக்குப் புறப்படுகிறவர் பைக்குள் வீட்டில் இருப்பவர் தன் கையால் செய்த ஒன்றை வைத்து அனுப்புகிறார், அவ்வளவுதான் கதை. நீ வரைந்ததும் அதே கதைதான் என்று எனக்குப் பட்டது.

‘அவதார்’ நேர் எதிரான எடுத்துக்காட்டு. வசூலில் உலக முதலிடம் பிடித்த படம், ஆனால் அதன் பொம்மைகள் அந்த அளவுக்குப் போகவில்லை. 2017இல் டிஸ்னி பூங்காவில் அந்த உலகத்தைக் கட்டி, பறக்கும் உயிரின்மேல் ஏறிப் போகும் சவாரியை வைத்தபிறகு, அதே உயிரின் பொம்மையைத் தோளில் வைத்துக்கொண்டு பெரியவர்களே நடப்பதை நாம் சேர்ந்து பார்த்தோம். முதலில் இடம் மனத்தைத் தொட்டது, பிறகு பொருள் விற்றது. குன்றக்குடியில் மலையேறிச் சாமி கும்பிட்டு இறங்கும் வழியில்தான் கடைகள் இருக்கின்றன. கடைகளுக்காக யாரும் மலைமேல் கோயிலைக் கட்டவில்லை, ஆனால் பஞ்சாமிர்தமும் மரச்சொப்பும் வாங்காமல் நீ ஒரு நாளும் இறங்கியதில்லை.

உரிமையைப் பற்றியும் கேட்டாய். சாகச வீரர்களின் கதைகளை வெளியிடும் மார்வெல் நிறுவனம் 1994இல் எழுதிக் கொடுத்த ஒரு பத்திரத்தால், 2009இல் அந்த நிறுவனத்தையே விலைக்கு வாங்கிய டிஸ்னி, ஆர்லாண்டோவில் அதன் பெயரில் ஒரு பகுதியைத் திறக்க முடியாமல் இருக்கிறது. அந்த வீரர்களில் பலர் போட்டிப் பூங்காவான யுனிவர்சலில் நிற்கிறார்கள். கிராமபோன் தட்டு விற்பனையிலிருந்து படத்தொழிலுக்கு வந்து, 1947இல் வெளிவந்த ‘நாம் இருவர்’ படத்தை இதே காரைக்குடியில் எடுத்த ஏவி. மெய்யப்பன், தன்னிடமிருந்த பாரதி பாடல் உரிமையை 1949இல் அரசு கேட்டதும் பணம் வாங்காமல் கொடுத்தார். நம்மவர் கடல் கடந்த கதை எவருக்கும் எழுதிக் கொடுக்கப்படாதது. உன் நிறுவனம் எவருக்கும் உரிமத்தொகை கட்ட வேண்டியதில்லை என்பதை முதல் பக்கத்திலேயே எழுது.

அடுத்து, கடையில் எதை வைப்பது என்ற கேள்வி. அதற்குக் கோபப்படாமல் பதில் எழுது. எழுத முடியாவிட்டால் உன் சவாரியில் இன்னும் ஏதோ குறை இருக்கிறது என்று பொருள். நம் தெய்வங்களையும் ஆச்சிமார் முகங்களையும் பொம்மையாக்கி விற்காதே, அதை மட்டும் நான் பொறுக்க மாட்டேன். பயணம் போனவர்கள் உண்மையில் எதைக் கையில் வைத்திருந்தார்கள் என்று பார். பனை ஓலைக் கொட்டான், கட்டுச்சோறு கொண்டுபோகும் மங்குத் தூக்கு, கணக்கெழுதும் சிட்டை. ஏறும் இடத்தில் ஒவ்வொருவர் கையிலும் ஒரு வெற்றுச் சிட்டையைக் கொடுத்து, புயல் காட்சியிலும், ரங்கூன் மொகல் தெருவில் நம்மவர் தங்கித் தொழில் செய்த கிட்டங்கியிலும் அதில் ஏதாவது பதியும்படி வை. அந்த மந்திரக்கோலை அப்படிச் செய்தவர்களுக்கு இது முடியாததா? இறங்கும்போது அவர்கள் பயணம் அவர்கள் கையில் எழுதப்பட்டிருக்கும், அதை விலை கொடுத்து வீட்டுக்குக் கொண்டுபோவார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இன்று மதியம் மேல்தளத்து அறையைத் திறந்து என் ஐயாவின் டிரங்குப் பெட்டியைக் கீழே இறக்கினேன். 1938இல் அவர் ஊர் திரும்பியபோது கொண்டுவந்தது. பச்சை வண்ணம் பாதி உரிந்துவிட்டது, ஆனால் மூடியில் வெள்ளை எழுத்தில் ‘ரங்கூன், மொகல் தெரு’ என்பது தெளிவாகப் படிக்க முடிகிறது. உள்ளே வலப்பக்கம் ஒரு சிறிய தட்டு. அதில் இன்னும் விபூதி வாசனை இருக்கிறது. தட்டுக்கு அடியில் ஒரு சிட்டை கிடந்தது. முதல் பக்கத்தில் கப்பலேறிய நாளின் செலவு இருக்கிறது: சுமைகூலி, வெற்றிலை, கோயிலுக்கு ஓரணா. அடுத்த இரண்டு பக்கங்களில் தண்ணீர் பட்டு மை கரைந்திருக்கிறது. உன் ஆத்தா அவற்றை வெயிலில் வைக்காமல் நிழலில் உலர்த்தி, தாளுக்கு இடையில் துணி வைத்திருக்கிறாள்.

பக்கம் பக்கமாகப் படம் எடுத்து நாளை அனுப்புகிறேன். பெட்டியின் நீள அகல உயரத்தையும், தாழ்ப்பாளின் இடத்தையும் அளந்து தனித்தாளில் எழுதியிருக்கிறேன். வேறு எந்த அளவு வேண்டுமென்றாலும் கேள், அதைப் பரணில் ஏற்றாமல் முகப்பிலேயே வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பச்சி