ஏரியின் ஓரத்தை விட்டுவைக்க வேண்டி ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சேலம் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், நீர்வளத் துறை, வனத்துறை அலுவலர்களுக்கும் வணக்கம்.

என் தந்தையார் வாத்து வேட்டைக்காரர்; அதை மறைத்துவிட்டு இம்மடலை எழுத மனம் வரவில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அவர் நாட்டுத் துப்பாக்கியைக் கீழே வைத்தார். உரிமம் பெற்று நடந்த வேட்டையும் 1991ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு முடிந்தது. அது சரியே. ஆனால் ஏரி ஏரியாக அலைந்து அவரும் கூட்டாளிகளும் அறிந்து வைத்திருந்ததை எவரும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

ஐப்பசி மழைக்குப் பின் ஊசிவால் வாத்தும் நீலச்சிறவியும் வடக்கிலிருந்து வந்திறங்கும் நாட்களில், அவர் நடு ஏரியை ஏறிட்டும் பார்க்கமாட்டார். முழங்கால் அளவுகூட நீர் நில்லாத, கோரை முளைத்த ஓரங்களில்தான் பதுங்கியிருப்பார். இவை முங்கி இரைதேடும் பறவைகள் அல்ல. தலையை நீருக்குள் கவிழ்த்து, வாலை மேலே தூக்கி, கழுத்துக்கு எட்டிய ஆழத்தில் கிடைக்கும் விதையையும் புழுவையும் தின்பவை.

அந்த ஓரம்தான் இன்று இல்லை. எங்கள் ஊர் ஏரியைத் தூர்வாரியபோது சுற்றிலும் ஆளுயரப் பள்ளமாக வெட்டி வண்டலை அள்ளினார்கள். மழையில் ஏரி நிறைந்ததும் எல்லோரும் மகிழ்ந்தோம், நானும்தான். இப்போது வரும் ஊசிவால்களோ இரண்டொரு நாள் நடுநீரில் மிதந்துவிட்டுப் போய்விடுகின்றன. தண்ணீர் இருக்கிறது, தீனி இல்லை என்கிறார் தந்தையின் கூட்டாளிகளில் எஞ்சியிருக்கும் பெரியவர் ஒருவர். சேலம் நகரத்து மூக்கனேரியில் மண்ணைக் குவித்துத் தீவுகள் அமைத்து மரம் நட்டது நல்ல பணி. எனினும் மரம் கொக்குக்கும் நீர்க்காகத்துக்கும் உதவும் அளவுக்கு இந்த வாத்துகளுக்கு உதவாது.

இரவில் நெல்வயலில் மேயும் சீழ்க்கைச்சிறவி என்ற வாத்தின் கதை வேறு. நஞ்சை நிலங்கள் மரவள்ளியாகவும் பாக்குத்தோப்பாகவும் வீட்டுமனையாகவும் மாறியதற்குத் தங்களை மட்டும் குறை சொல்ல முடியாது.

ஈரோட்டின் வெள்ளோடும் திருப்பூரின் நஞ்சராயன் குளமும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றுவிட்டன. எங்கள் ஏரிக்கு அந்தப் பட்டம் வேண்டும் என்று கேட்கவில்லை. வண்டலை, நீரைத் தேக்கும் மண்கரையை ஒட்டிய ஆழப் பகுதியில் மட்டும் எடுத்து, நீர்வரத்துப் பக்கத்தின் சரிவான சேற்றுநிலத்தைத் தொடாமல் விட உத்தரவிட வேண்டுகிறேன். சனவரியில் நடக்கும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கு, துப்பாக்கி பிடித்த கை என்று ஒதுக்காமல், இந்தப் பெரியவர்களையும் அழையுங்கள். அவர்கள் எண்பதைத் தாண்டியவர்கள்; அடுத்த தூர்வாரும் பணிக்கு மதிப்பீடு போடுவதற்கு முன் ஒருமுறை ஏரிக்கரையில் அவர்களோடு நின்று பேசுங்கள். அவர்களை அழைத்துவருவது என் பொறுப்பு.

இப்படிக்கு,
சேர்வராயன் மலையடிவாரத்து விவசாயி ஒருவர்