பிரெஞ்சு வகுப்புக்காகத் தமிழை நிறுத்த வேண்டாம்

ஆசிரியருக்கு,

பேரன், பாடங்களைப் பிரெஞ்சிலேயே நடத்தும் பிரெஞ்சு இமெர்ஷன் வகுப்பில் சேர்ந்ததால் அவனுடைய சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை நிறுத்திவிட்டதாகச் சென்ற வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். சின்னத் தலைக்குள் எத்தனை மொழியைத்தான் திணிப்பது என்பது அவருடைய கவலை. அதை வாசித்த மறுநாள், பயிற்சி ஆசிரியையாக முதன்முதலில் ஓர் இமெர்ஷன் பாடசாலைக்குப் போனேன். அன்றைக்குப் பின்வரிசையில் இருந்து பார்ப்பது மட்டும்தான் என் வேலை.

காலையில் முதலாம் வகுப்பு. ஆசிரியை வாசலிலேயே பிரெஞ்சில் தொடங்கிவிட்டார். சப்பாத்தை மாற்றச் சொல்லும்போது தன் காலைத் தூக்கிக் காட்டினார். குளிர் என்ற சொல்லுக்குத் தோளைக் குறுக்கி நடுங்கினார். ஆங்கிலத்தில் கேட்ட பிள்ளையைக் கடிந்துகொள்ளவில்லை. பதிலை மட்டும் பிரெஞ்சில் சொன்னார். பிரெஞ்சில் மேசையும் கதிரையும் பெண்பாலாம், பலகையில் சிவப்பு எழுத்து. புத்தகம் ஆண்பால், நீலம். கழிவறைக்குப் போகவும் "எஸ்க ஜ பூ அலே ஓ துவாலெத்?" என்று முழுதாகக் கேட்க வேண்டும். அவசரத்தில் துள்ளிக்கொண்டு நின்ற சின்னவன்கூட அதைத் தடுமாறாமல் சொன்னான்.

மத்தியானம் மூன்றாம் வகுப்பு. பிரெஞ்சில் எதிரில் இருப்பவரைக் குறிக்கும் "து", "வூ" என்ற சொற்கள் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஆசிரியை விளக்கினார். ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே சொல் என்பதால் பல பிள்ளைகள் முழித்தார்கள். என்னைத் தமிழ் என்று எப்படியோ கண்டுபிடித்துவிட்ட ஒரு பையன் என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டான்: "அது நீ, நீங்கள் தானே? அம்மம்மாவை நீ என்று சொன்னால் கோபிப்பா." மற்றப் பிள்ளைகள் புதிதாகப் படிக்க வேண்டியிருந்த ஒன்று அவனுக்கு வீட்டிலேயே கிடைத்திருந்தது.

1965இல் மொன்றியலுக்குப் பக்கத்தில் சென்ட் லம்பேர்ட்டில் இந்த இமெர்ஷன் முறையைக் கேட்டு வாங்கியவர்கள் ஆங்கிலம் பேசும் பெற்றோர். மெக்கில் பல்கலைக்கழகத்தின் வொலஸ் லம்பேர்ட்டும் ரிச்சர்ட் டக்கரும் அந்தப் பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள். பிரெஞ்சு வந்தது, ஆங்கிலமும் கெடவில்லை. ஆனால் அவர்களுக்கு ஆங்கிலம் வீட்டிலும் தெருவிலும் தொலைக்காட்சியிலும் இருந்தது. எங்கள் பிள்ளைகளின் தமிழுக்கு வீடும் சனிக்கிழமையும் தவிர வேறு இடம் இல்லை. ஆறு வயதில் ரொறன்ரோவுக்கு வந்த நான் தமிழை விட்டுவிட்டு, பதினேழு வயதில் "அ"விலிருந்து எழுத்துக் கூட்டிப் படித்தவள். அம்மம்மாவின் கடிதங்களை நான் வாசிக்கப் பழகியபோது அவர் உயிரோடு இல்லை.

ஐயா, உங்கள் பேரன் பையில் கொண்டுவரும் பிரெஞ்சுக் கதைப் புத்தகத்தை அவனோடு இருந்து விரித்துப் பாருங்கள். இதில் என்ன நடக்கிறது என்று தமிழில் கேளுங்கள், அவன் தமிழில் சொல்லட்டும். உங்களுக்குப் பிரெஞ்சு தெரியாவிட்டால் பரவாயில்லை. அப்புறம், வருகிற சனிக்கிழமை அவனைத் தமிழ் வகுப்புக்குத் திரும்பக் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஒரு பயிற்சி ஆசிரியை,
ஸ்காபரோ