லைன் வருகிறது, தளம் திறக்கவில்லையா?

ஆசிரியருக்கு வணக்கம்.

'டிஎன்எஸ் சர்வர் பதிலளிக்கவில்லை' என்று திரையில் வந்ததும் கணினியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடி, விண்டோஸை ஃபார்மேட் செய்து வருகிறவர்கள் பலர். இந்தக் கோளாறுக்கு ஃபார்மேட் தேவையே இல்லை.

தளத்தின் பெயரை நாம் டைப் செய்ததும், அதற்குரிய ஐபி எண்ணை (இணையத்தில் அதன் முகவரி எண்) டிஎன்எஸ் சர்வரிடம் கேட்டு வாங்கிய பிறகே கணினி அங்கே போகும். அதனால் முதலில் கமாண்ட் பிராம்ப்டில் (கட்டளைகளை டைப் செய்யும் விண்டோஸ் திரை) 'பிங் 8.8.8.8' (ping 8.8.8.8) கொடுத்துப் பாருங்கள்; இது கூகுளின் பொது டிஎன்எஸ் சர்வரின் எண். பதில் வராவிட்டால் டிஎன்எஸ்ஸை விட்டுவிட்டு லைனையும் ரவுட்டரையும் கவனியுங்கள். 'ஐபிகான்ஃபிக்' (ipconfig) கொடுத்து, 169.254 என்று தொடங்கும் எண் மட்டும் தெரிந்தால், ரவுட்டர் கணினிக்கு முகவரியே தரவில்லை.

பிங் வந்தால், 'என்எஸ்லுக்அப்' (nslookup) என்று டைப் செய்து, இடம் விட்டுத் தளத்தின் பெயரைக் கொடுங்கள். 'டைம்டு அவுட்' என்று வந்தால் அதே வரியின் கடைசியில், இடம் விட்டு, 1.1.1.1 (கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் பொது டிஎன்எஸ் சர்வர்) சேர்த்து மறுபடி கேளுங்கள். இப்போது விடை கிடைத்தால் குறை ரவுட்டரிலோ, இணைய நிறுவனத்தின் சர்வரிலோ இருக்கிறது. ரவுட்டரை அணைத்துப் போட்டும் தீராவிட்டால், விண்டோஸின் நெட்வொர்க் அமைப்புகளில், அடாப்டரின் (கணினியின் இணைய இணைப்புச் சாதனம்) ஐபிவி4 பகுதியில் 1.1.1.1, 8.8.8.8 இரண்டையும் எழுதிக்கொள்ளலாம். 'நான்-எக்சிஸ்டன்ட் டொமைன்' (அப்படியொரு பெயரே இல்லை) என்று வந்தால் சர்வரில் பழுதில்லை. பெயரின் எழுத்துகளைச் சரிபாருங்கள்.

என்எஸ்லுக்அப்பில் சரியான எண் வந்தும் பிரவுசர் திறக்காததுதான் பலரையும் குழப்புகிறது. என்எஸ்லுக்அப் நேரே சர்வரிடம் கேட்கும்; விண்டோஸ் சேமித்து வைத்த பழைய விடைகளையும், தளப் பெயர்களுக்கு உரிய எண்ணைக் கணினியிலேயே எழுதி வைக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பையும் அது பார்ப்பதில்லை. ஆகவே பெரும்பாலும் கோளாறு கணினிக்குள்தான். 'ஐபிகான்ஃபிக் /ஃப்ளஷ்டிஎன்எஸ்' (ipconfig /flushdns) கொடுத்தால் பழைய விடைகள் அழியும். பிறகு சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈடிசி (etc) என்று உள்ளே போய் ஹோஸ்ட்ஸ் கோப்பை நோட்பேடில் திறவுங்கள். # என்று தொடங்கும் வரிகளை விண்டோஸ் பொருட்படுத்தாது; வரியின் தொடக்கத்தில் # இல்லாமல் உங்கள் வங்கியின் பெயர் அங்கே இருந்தால், உடனே வைரஸ் சோதனை செய்யுங்கள். அதுவரை அந்தக் கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள். குரோம், ஃபயர்பாக்ஸில் 'செக்யூர் டிஎன்எஸ்' இயங்கினால் பிரவுசர் தன் வழியிலேயே கேட்கும். விண்டோஸில் செய்த டிஎன்எஸ் எண் மாற்றம் அதற்கு எட்டாமல் போகலாம்.

ரவுட்டருக்குள் புகுந்து டிஎன்எஸ் எண்ணையே மாற்றிவிடும் வைரஸ்களும் உண்டு. இணைய நிறுவனங்கள் புது இணைப்பு தரும்போதே தங்கள் டிஎன்எஸ் எண்களை ஒரு தாளில் அச்சிட்டுத் தர வேண்டும். எது சரியான எண் என்று தெரியாமல், எண் மாறியிருப்பதை வாடிக்கையாளர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

இப்படிக்கு,
கணினிப் பழுதுநீக்குநர், திருச்சி