புதியவருக்கு ஒரு மேசை: பாக்கெட் பில்லியர்ட்ஸ் நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

பந்துகளைக் கோலால் அடித்து மேசையின் பாக்கெட்டுகளில் வீழ்த்தும் பாக்கெட் பில்லியர்ட்ஸ் ஆட்டத்தை நிர்வகிக்கும் உலக அமைப்பின் பொறுப்பாளர்களுக்கும், கண்டச் சங்கங்கள் மற்றும் தேசியச் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

இந்த ஆட்டத்தை மையமாக வைத்துப் புதிய திரைப்படம் ஒன்று வரவிருக்கிறது என்ற செய்தி பரவியதிலிருந்து உங்கள் வட்டாரத்தில் ஒரு மலர்ச்சி தெரிகிறது. படம் ஓடினால் ஆட்டக் கூடங்கள் நிரம்பும், கூடங்கள் நிரம்பினால் விளம்பரதாரர்கள் வருவார்கள், அவர்கள் வந்தால் தொலைக்காட்சியும் பின்னாலேயே வரும் என்ற கணக்கு திரும்பிய பக்கமெல்லாம் பேசப்படுகிறது. கணக்கில் பிழையில்லை. ஆனால் அதில் நீங்கள் செய்ய வேண்டியது என்று ஒரு வரிகூட இல்லை என்பதால்தான் இம்மடலை எழுதுகிறேன். மேகம் திரள்வதைப் பார்த்து மகிழ்பவர்கள், ஏரியைத் தூர் வாரியிருக்கிறோமா என்றும் ஒரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

என் கோரிக்கை ஒன்றுதான். படம் வெளியாகும் நாளிலிருந்து ஆறு மாதங்களுக்கு, உங்கள் சங்கங்களோடு தொடர்புடைய ஒவ்வொரு கூடத்திலும், நாள்தோறும் குறித்த சில மணி நேரம், முதன்முதலாகக் கியூ எனும் ஆட்டக்கோலைக் கையில் எடுப்பவர்களுக்கென்று ஒரு மேசையை ஒதுக்கச் செய்யுங்கள். அந்த மேசையருகே கற்றுத்தரத் தெரிந்த ஒருவரை நிற்க வையுங்கள்.

ஒரு படத்தால் ஓர் ஆட்டத்துக்கு உயிர் வருமா என்ற கேள்விக்கு உங்களுக்கு விடை தெரியும். அமெரிக்காவில் இரண்டு முறை அது நடந்திருக்கிறது. 1961-இல் 'தி ஹஸ்லர்' வந்தபோது அங்கே இந்த ஆட்டம் நலிந்து கிடந்தது. உலக வாகையரான வில்லி மாஸ்கோனியிடம் பயிற்சி பெற்ற நடிகர் பால் நியூமன் திரையில் மேசையைச் சுற்றி நடந்த பிறகு, மூடிக் கிடந்த கூடங்களுக்கு ஆள் வரத் தொடங்கினார்கள், புதிய கூடங்களும் எழுந்தன. அந்த அலை அறுபதுகளின் இறுதிக்குள் வடிந்துவிட்டது. கால் நூற்றாண்டு கழித்து 1986-இல் அதே நாயகனை வைத்து 'தி கலர் ஆஃப் மனி' வந்தது; நியூமனுக்கு ஆஸ்கர் கிடைத்தது, டாம் குரூஸைப் பார்த்து இளைஞர்கள் கியூ வாங்கினார்கள், இதன் ஒரு வகையான ஒன்பது பந்து ஆட்டம் வெளியுலகத்தாருக்கும் அறிமுகமாயிற்று. அந்த அலையும் வடிந்தது. ஆகவே படத்தால் கூட்டம் வருமா என்பதில் எனக்கு ஐயமில்லை. வந்தவர்கள் ஏன் தங்கவில்லை என்பதை உங்களில் எவரும் உட்கார்ந்து ஆராய்ந்ததாகத் தெரியவில்லை என்பதே என் வருத்தம்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1961-இன் அலையை முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டவர் ஒருவர் இருந்தார். அவர் எந்தச் சங்கத்தின் தலைவரும் அல்லர். 'நியூயார்க் ஃபேட்ஸ்' என்று அறியப்பட்டிருந்த ஆட்டக்காரர் ருடால்ஃப் வாண்டரோன், படத்தில் வந்த 'மின்னசோட்டா ஃபேட்ஸ்' பாத்திரமே தன்னை வைத்து உருவானதுதான் என்று அறிவித்து, கதையை எழுதியவர் மறுத்தும் கேளாமல், அந்தப் பெயரையே சூட்டிக்கொண்டு வாழ்நாள் முழுவதும் அதன் வெளிச்சத்தில் வலம்வந்தார். 1978-இல் அவரும் மாஸ்கோனியும் தொலைக்காட்சியில் மோதியபோது மாஸ்கோனி வென்றார். ஆனாலும் பார்த்தவர்களில் பெரும்பாலோர் ஃபேட்ஸின் வாய்ப்பேச்சைக் கேட்கத்தான் உட்கார்ந்திருந்தார்கள். வாயாடி ஒருவருக்கு இருந்த முன்யோசனை நிர்வாகங்களுக்கு இருந்திருக்கலாம்.

சதுரங்கத்தையும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. மேற்சொன்ன இரண்டு படங்களுக்கும் மூலமான நாவல்களை எழுதிய வால்டர் டெவிஸ்தான் 'தி குயின்ஸ் கேம்பிட்' நாவலையும் எழுதினார். அது 2020-இல் தொடராக வெளிவந்தபோது சதுரங்கப் பலகைகளின் விற்பனை பாய்ந்து ஏறியதும், இணையத்தில் ஆடுவோர் பெருகியதும் உலகம் அறிந்தது. ஊரடங்குக் காலம் அதற்கு உதவியது என்பது உண்மைதான். ஆனால் ஒரே எழுத்தாளரின் கற்பனையிலிருந்து இரண்டு ஆட்டங்களுக்கும் அழைப்பு வந்திருக்க, ஒன்று மட்டும் வந்தவர்களில் பலரைத் தக்கவைத்துக்கொண்டது எப்படி? தொடரைப் பார்த்து முடித்த அதே இரவில், ஒரு சிறுமி தன் கைபேசியில் தன்னைப் போலவே ஒன்றும் தெரியாத இன்னொருவரோடு ஆட முடிந்தது. தோற்றால் கண்டு சிரிக்க எவரும் இல்லை. விதி எல்லா இடத்திலும் ஒன்றே. நம் ஆட்டத்தில் புதியவருக்கு இந்த மூன்றில் ஒன்றும் கிடைப்பதில்லை.

என்ன கிடைக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். மேலிருந்து நிர்வகிப்பவர்கள் கீழே இதைப் பார்ப்பதற்கு வாய்ப்பு குறைவு. அண்மையில் ஒரு கூடத்தில், அந்தப் படத்தின் முன்னோட்டத்தைப் பார்த்த உற்சாகத்தோடு இரண்டு இளம்பெண்கள் வந்தார்கள். நல்ல மேசைகளில் எல்லாம் வழக்கமானவர்கள் ஆடிக்கொண்டிருந்ததால், துணி தேய்ந்து பந்து ஒரு பக்கமாகச் சரியும் மூலை மேசை அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. சுவரில் சாய்த்திருந்த கியூக்களில் நேரானது எது என்று பார்க்க, அதை மேசைமேல் வைத்து உருட்ட வேண்டும் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? எடுத்த கியூவின் முனைத்தோல் வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தது. முனை வழுக்காமலிருக்கச் சாக் கட்டியைத் தடவ வேண்டும் என்று எவரும் சொல்லவில்லை. முதல் அடியிலேயே முனை வழுக்கி, வெள்ளைப் பந்து துள்ளித் தரையில் உருண்டது. பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். பிறகு ஒருவர் வந்து பவுல், அதாவது தவறான அடி, விழுந்தால் எதிராளிக்கு இரண்டு அடி என்றார். இன்னொருவர் அப்படியல்ல, வெள்ளைப் பந்தைக் கையிலெடுத்து எங்கு வேண்டுமானாலும் வைக்கலாம் என்றார். மூன்றாமவர், கோட்டுக்குப் பின்னால்தான் வைக்க வேண்டும் என்று அவ்விருவரோடும் வாதாடத் தொடங்கினார். அந்தப் பெண்கள் கியூவைச் சுவரில் சாய்த்துவிட்டு, முழு மணி நேரத்துக்கும் பணம் கட்டிவிட்டு, பாதி நேரத்திலேயே வெளியேறினார்கள். இடது கையை மேசைமேல் எப்படி ஊன்றுவது என்று ஒருவர் இரண்டு நிமிடம் சொல்லிக் கொடுத்திருந்தால் போதும். அவர்களுக்கு ஒரு பந்தாவது பாக்கெட்டில் விழுந்திருக்கும். ஒரு பந்து விழுந்தவர் மறுபடியும் வருவார் என்பதை இந்த ஆட்டத்தை ஆடிய எவருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை.

புதியவருக்கு ஒரு மேசை வேண்டும் என்று நான் கேட்பது இதற்காகத்தான். அந்த மேசையில் துணி புதியதாக இருக்க வேண்டியதில்லை. சமமாக இருந்தால் போதும். நேரான கியூ நான்கு, புதிய முனைத்தோலோடு இருக்கட்டும். எட்டுப் பந்து ஆட்டத்தின் விதிகளை, நீங்கள் ஏற்றுக்கொண்ட வடிவத்தில், ஒரே தாளில் அச்சிட்டு மேசையருகே ஒட்டுங்கள். நிலை, பிடி, இடது கையின் ஊன்றல், வெள்ளைப் பந்தின் நடுவில் அடிப்பது ஆகிய நான்கையும் சொல்லித் தரும் ஒருவர் போதும். சுழல் கொடுப்பதெல்லாம் பிறகு தானே வரும்.

கூடங்கள் தனியார் சொத்து, அவற்றின் மேசைகள்மீது எங்களுக்கு அதிகாரமில்லை என்று நீங்கள் பதில் எழுதக்கூடும். அனுமதியற்ற போட்டி என்று நீங்கள் முத்திரை குத்திய ஒன்றில் ஆடிவிட்டார்கள் என்பதற்காக, ஆட்டத்தையே தொழிலாகக் கொண்டவர்கள்மீது தடை விதிக்கும் அளவுக்கு உங்கள் கை நீளும் என்பதைச் சில ஆண்டுகளுக்கு முன் உலகமே பார்த்தது. ஒரு ஆட்டக்காரரின் பிழைப்பை நிறுத்த முடிகிற அமைப்பால் ஒரு மேசையை ஒதுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்ப முடியாது என்றால், அதை நம்புவதற்கு நான் உண்மையிலேயே முயன்று பார்க்கிறேன்.

ஆட்டக்காரர்களைப் பற்றிய பேச்சு வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 2006-இல் அமெரிக்காவின் ரீனோ நகரில் நடந்த எட்டுப் பந்துப் போட்டியில் வென்ற பிலிப்பைன்ஸ் ஆட்டக்காரர் எஃப்ரென் ரெயஸுக்கு 5 லட்சம் டாலர் பரிசு என்று அறிவித்தார்கள். அந்தப் பரிசுத்தொகைகளை உரிய நேரத்தில் தர முடியாமல் அதை நடத்திய போட்டித்தொடரே சரிந்துபோனது. அது உங்கள் போட்டியன்று, தனியார் முயற்சி என்பதை அறிவேன். ஆனால் பெரும்பணம் ஒன்று வானத்திலிருந்து இறங்கி இந்த ஆட்டத்தைத் தூக்கி நிறுத்திவிடும் என்ற நம்பிக்கை அன்றும் இருந்தது. இன்று பணத்தின் இடத்தில் படம் இருக்கிறது. 2024-இன் ஒன்பது பந்து உலக வாகையர் போட்டியின் இறுதியாட்டம் 15–14 என்று கடைசி ரேக் (ஒரு தனிச் சுற்று) வரை சென்று ஃபெடோர் கோர்ஸ்ட் வென்றார். எந்தத் திரைக்கதையாளரும் அதைவிட இறுக்கமாக எழுதிவிட முடியாது. ஆட்டத்தில் நாடகத்துக்குப் பஞ்சமே இல்லை, ஐயா. அதைப் புரிந்து பார்க்கும் கண்களுக்குத்தான் பஞ்சம். ஒரு முறையேனும் கியூவைப் பிடித்தவருக்கே அந்தக் கடைசி ரேக்கின் கனம் புரியும்.

மடல் திசைமாறிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். படத்தைப் பற்றி இன்னொன்றும் கவனிக்க வேண்டும். திரைக்கதைகளுக்குச் சூதும் புகையும் இருட்டும் பிடிக்கும். முன்வந்த இரண்டு படங்களிலும் பணயப் பணம் கைமாறிக்கொண்டே இருந்தது. புதிய படமும் அதே வழியில் போனால், பிள்ளைகளுக்கு ஆசையும் பெற்றோருக்கு அச்சமும் ஒரே நேரத்தில் வரும். வெளிச்சமான இடத்தில், கற்றுத்தர ஒருவர் நிற்கும் மேசையைக் கண்ணால் பார்த்தால் அந்த அச்சம் பெரும்பாலும் நீங்கிவிடும். அறிக்கை வெளியிட்டு அதை நீக்க முடியாது.

ஆகவே, மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களே, படத்தின் முதல் காட்சிக்கு அழைப்பிதழ் கேட்டுக் கடிதம் எழுதும் அதே வேகத்தில், கூடங்களுக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். ஆறு மாதங்கள், ஒவ்வொரு கூடத்திலும் புதியவருக்கு ஒரு மேசை. செலவு பெரிதாக இருந்தால் முதலில் சில கூடங்களில் தொடங்கிப் பாருங்கள். கற்றுத்தர ஆள் கிடைக்கவில்லை என்றால் வழக்கமாக ஆடுபவர்களைக் கேளுங்கள், வாரத்துக்கு ஒரு மாலை தர நான் ஆயத்தம், என்னைப் போல் பலரும் வருவார்கள். படம் வெளியாகும் தேதிக்கு முன்பே உங்கள் முடிவைப் பொதுவில் அறிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மூலை மேசையிலும் ஆடப் பழகிவிட்ட ஓர் ஆட்டக்காரர்