எல்லா ரத்தமும் கட்டியிலிருந்து வருவதல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புற்றுநோயாளி ரத்த வாந்தி எடுத்தாலோ, மலம் தார்போலக் கறுத்தாலோ, 'நோய் முற்றிவிட்டது' என்று வீட்டார் நம்பிக்கை இழந்துவிடுகிறார்கள். சில நேரம் மருத்துவர்களும்கூட. வலிமாத்திரையால் வந்த இரைப்பைப் புண், கல்லீரல் நோயில் புடைத்த உணவுக்குழாய் நாளங்கள், கீமோவால் குறைந்த தட்டணுக்கள் (ரத்தம் உறைய உதவும் அணுக்கள்), ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மருந்து, கதிர்வீச்சு முடிந்து மாதங்கள், ஏன் ஆண்டுகள் கழித்தும் கசியும் மலக்குடல் என்று காரணம் வேறாகவும் இருக்கலாம். இவற்றில் பலவற்றை நிறுத்த முடியும்.

இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும். ஆனால் தார்போல ஒட்டாது, அந்தக் கடும் நாற்றமும் வராது.

ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது என்று வீட்டுக்கு அனுப்புவது ஆபத்து. அணுக்களும் நீரும் சேர்ந்தே வெளியேறுவதால் முதல் சில மணி நேரம் அந்த எண் பெரிதாக இறங்காது. நாடி வேகம்தான் முன்னதாகக் காட்டிக்கொடுக்கும். இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவர்களிடம் அதையும் நம்ப முடியாது. வெள்ளையணு மிகக் குறைந்திருப்பவருக்கு ஆசனவாயில் விரல் விட்டுப் பார்ப்பதையும் எனிமாவையும் தவிர்க்க வேண்டும். அந்த வழியில் கிருமி ரத்தத்தில் கலந்துவிடும்.

பொதுவாக ஹீமோகுளோபின் 7 கிராமுக்குக் கீழ் போனால் ரத்தம் ஏற்றுகிறோம். இதய நோய் இருந்தால் 8. ரத்தப்போக்கு நிற்காதபோது தட்டணுவை 50,000க்கு மேல் வைக்க முயல்வோம். நோயாளி சற்றுத் தேறியதும், 24 மணி நேரத்துக்குள் எண்டோஸ்கோபி (கேமரா பொருத்திய குழாயை உள்ளே விட்டுப் பார்ப்பது).

கட்டியே கசிந்தால்தான் சிரமம். புண்ணில் ஒரு நாளம் திறந்திருந்தால் கிளிப் போட்டு இறுக்கலாம். கட்டியோ பரப்பு முழுவதும் ஊறும்; திசு பொடிவதால் கிளிப்புக்குப் பிடிமானம் இருக்காது. ரத்தம் நிறுத்தும் பொடியைத் தூவினால் அடங்கும், ஆனால் பொடி சில நாளில் உதிர்ந்துவிடும். அந்த அவகாசத்தை வீணாக்கக் கூடாது. ரத்தக்குழாய் வழியே போய் நாளத்தை அடைப்பதா, அறுவையா, 8 கிரே (கதிர்வீச்சின் அளவு) ஒரே தவணைக் கதிர்வீச்சா என்று அப்போதே முடிவெடுக்க வேண்டும். கதிர்வீச்சு பலன் தரச் சில நாள்கள் ஆகும். கொட்டும் ரத்தத்துக்கு அது உதவாது.

ரத்தப்போக்கை நிறுத்தத் தரும் டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற மருந்தை வழக்கமாகப் போடும் பழக்கத்தையும் விட வேண்டும். சுமார் 12,000 பேரிடம் நடந்து 2020-ல் வெளியான ஹால்ட்-இட் (HALT-IT) ஆய்வில் அது உயிரிழப்பைக் குறைக்கவில்லை. சிரைகளில் ரத்தக்கட்டு அதிகமானது. புற்றுநோயாளிக்கு அந்த அபாயம் ஏற்கெனவே அதிகம்.

அவசர சிகிச்சைக்கு அழைத்து வருபவர்கள் கடைசி கீமோ தேதி, வலிமாத்திரைகளின் பெயர், ரத்தம் உறையாமலிருக்கும் மருந்தைக் கடைசியாகச் சாப்பிட்ட நேரம் ஆகியவற்றை எழுதிக் கொண்டுவாருங்கள். முதலில் எதைத் தேடுவது என்பதை நாங்கள் அதை வைத்துத்தான் தீர்மானிக்கிறோம்.

இப்படிக்கு,
இரைப்பை, குடல் நோய் மருத்துவர்