செயலாளரின் ஆண்டறிக்கை: புட்டியில் பிடித்த மழை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வழக்கமான வேலைகளை முதலில் முடித்துவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் நடந்தன. மே மாதக் கூட்டத்தை மட்டும் வெயிலுக்குப் பயந்து தள்ளிப்போட்டோம். மொட்டைமாடி மழைமானிகள் சரிபார்க்கப்பட்டன. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார்.

இந்த ஆண்டின் உருப்படியான வேலை, மழையை அளந்ததோடு நில்லாமல் மாதாமாதம் அந்த நீரைப் புட்டியில் சேர்த்தது. “தண்ணியில அப்படி என்னங்க இருக்கு?” என்று கேட்டவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். நீரிலுள்ள ஆக்சிஜன் அணுக்களில் சுமார் 0.2 சதவீதம், எடை கூடிய ஆக்சிஜன்-18. ஹைட்ரஜனில் எடை கூடிய வகையான டியூட்டீரியம் அதைவிட அரிது. ஒரே தனிமத்தின் இப்படி எடை வேறுபட்ட அணுக்களைத்தான் ஐசோடோப்பு என்கிறார்கள். இரண்டும் கதிர்வீச்சு இல்லாதவை, பயம் வேண்டாம். கடல்நீர் ஆவியாகும்போது கனமான மூலக்கூறுகள் சற்றுப் பின்தங்கும். மழையாகும்போது முந்திக்கொண்டு இறங்கும். அதனால் பெய்யப் பெய்ய, மேகத்தின் மிச்ச ஈரத்தில் அவை குறைந்துகொண்டே போகும்.

பன்னாட்டு அணுசக்தி முகமையும் உலக வானிலை அமைப்பும் 1961 முதல் பல நாடுகளில் இப்படித்தான் மாதாந்திர மழைநீரைச் சேர்த்து வருகின்றன. 1964-ல் டென்மார்க்கின் வில்லி டான்ஸ்கார்ட், குளிர்ப் பகுதிகளில் இந்த ஐசோடோப்பு அளவு வெப்பநிலையை ஒட்டியும், வெப்பமண்டலத்தில் மழையளவை ஒட்டியும் மாறுவதைக் காட்டினார். துருவப் பனியில் பழங்கால வெப்பநிலையைக் கணிப்பது இந்த வழியில்தான். அதை அப்படியே கோவைக்குக் கொண்டுவர முடியாது. இங்கே மழை வலுத்தால் கன ஐசோடோப்பு குறையும்.

அப்புறம், நமக்கு இரண்டு பருவமழை. தென்னிந்தியாவில் வடகிழக்குப் பருவமழையில் கன ஐசோடோப்பு பொதுவாகத் தென்மேற்கைவிடக் குறைவு. கங்கையும் பிரம்மபுத்திராவும் வங்கக் கடலில் கொட்டும் நன்னீர் ஒரு காரணம். புயல்களும் தாழ்வு மண்டலங்களும் வழியெல்லாம் பெய்துவிட்டு வருவது இன்னொன்று. ஆகவே நம் பக்கத்துக் குகைகளில் கசிந்து சொட்டும் மழைநீரால் உருவான கல்விழுதுகளில் கன ஐசோடோப்பு குறைந்திருந்தால் ‘அந்தக் காலத்தில் மழை அதிகம்’ என்று உடனே சொல்லிவிடுவது அவசரம். வடகிழக்கு மழையின் பங்கு கூடியிருந்தாலும் அதே அளவுதான் கிடைக்கும்.

சேகரிப்பில் ஒரு தொல்லை. மூடி தளர்ந்த புட்டிகளில் நீர் ஆவியாகிவிட்டது. மிஞ்சியதில் கனமானவை கூடிவிடுவதால் சிலவற்றை ஒதுக்கினோம். ஓர் உறுப்பினர் வீட்டில் ஃபிரிட்ஜைச் சுத்தம் செய்தவர்கள் ஒரு மாத மழையையே சிங்க்கில் ஊற்றிவிட்டார்கள். இனிப் புட்டியை விளிம்பு வரை நிரப்பி, இறுக மூடி, மேலே எழுதி ஒட்டவும். வீட்டாரிடமும் சொல்லிவைக்கவும். மற்றவை ஆய்வகத்துக்குப் போயிருக்கின்றன.

அடுத்த ஆண்டு மழைநீரோடு கிணற்று நீரும் எடுக்கலாம் என்பது செயற்குழுவின் யோசனை. இரண்டையும் ஒப்பிட்டால் நம் கிணறுகளை முக்கியமாக நிரப்புவது ஆடிச் சாரலா, ஐப்பசி மழையா என்று ஓரளவு பிரித்துப் பார்க்கலாம். எனக்கு இதுதான் பெரிய ஆசை. வீட்டில் கிணறு உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள். போர்வெல் என்றால் ஆழத்தையும் குறிப்பிடுங்கள். புதுப் புட்டிகளுக்கான தொகைக்கு இந்தப் பேரவையின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்